எனக்குப் பொறுப்புச் சொன்னவர்

நான் திவால் மனு கொடுத்திருக்கிறேன் என்று தெரிந்தவர்களில் பலர், அனுதாபம் சொல்வதற்கு முன்பே குரலைத் தாழ்த்தி ஒன்றைக் கேட்டார்கள். அந்தத் தாள் உண்மையிலேயே மஞ்சளாக இருக்குமா? இருக்காது. கடனைத் திருப்பித் தர வழியில்லை என்று ஒருவர் நீதிமன்றத்தில் போய்ச் சொல்வதை எங்கள் பக்கம் மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பது என்பார்கள். சற்றுப் படித்தவர்கள் ஐ.பி. என்று சுருக்கிக்கொள்வார்கள். என் பெயரைத் தாங்கிச் சங்கரன்கோவிலின் பல வீடுகளுக்குப் போன தாள்கள் சாதாரண வெள்ளைத் தாள்கள்தாம். ஆனாலும் அவற்றை வாங்கியவர்கள் இன்றுவரை மஞ்சளாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். சிலர் அதை வீட்டுக்குள் கொண்டுபோக மனமில்லாமல் வாசலிலேயே நின்று படித்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

கடன் எனக்காக வாங்கியதல்ல. இதைச் சொல்லும்போதெல்லாம் சாக்குச் சொல்வதுபோல எனக்கே கேட்கிறது. இருந்தாலும் உண்மை அதுதான். கணவர் இறந்த பிறகு நான் சேலை வியாபாரம் செய்து வந்தேன். உள்ளூர்த் தறிகளில் நெய்யும் பருத்திச் சேலைகளை வாங்கி, பள்ளிக்கூட ஆசிரியைகளுக்கும் அலுவலகங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்கும் தவணைக்குக் கொடுப்பேன். பெரிய லாபமில்லை. ஆனால் சொன்ன நாளில் கொடுப்பவள் என்ற பெயர் இருந்தது. விசைத்தறிக் கூடம் வைத்திருந்த என் தம்பி அந்தப் பெயரைத்தான் என்னிடம் கேட்டான். "எனக்கு யாருக்கா தருவா? ஒன் பேருக்குன்னா கண்ண மூடிட்டுத் தருவாவ" என்றான். தந்தார்கள். நிதி நிறுவனத்தில் என் கையெழுத்து, சீட்டில் என் கையெழுத்து, கையெழுத்தே இல்லாமல் நம்பிக் கொடுத்த கைமாற்றுகள் வேறு. வாங்கிய பணமெல்லாம் அவனுடைய கூடத்துக்கே போயிற்று.

அம்மா இறந்தபோது அவன் சிறு பையன். மீனில் முள் எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவான். கல்யாணமாகி ஒரு பெண்ணுக்குத் தகப்பனான பிறகும் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், பேசிக்கொண்டே தட்டை என் பக்கம் நகர்த்திவிடுவான். நானும் கேட்காமல் முள் எடுப்பேன். அப்படிப்பட்ட ஒருவனிடம் பத்திரம் எழுதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது யோசித்தாலும் தோன்றியிருக்கும் என்று சொல்ல முடியவில்லை.

நூல் விலை ஏறியது, எடுத்த சரக்குக்குப் பணம் வரவில்லை, கூடத்தை மூடிவிட்டேன் என்று அவன் வரிசையாகச் சொன்னான். கொடுத்தவர்கள் என் வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். ஐ.பி. கொடுத்துவிடலாம் என்று சொல்லி என்னை வக்கீலிடம் அழைத்துப் போனவனும் அவன்தான். நான் கையெழுத்துப் போட்டபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தான். அந்தக் கரிசனத்தை நான் நெடுநாள் நன்றியோடு நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனு கொடுத்த பின் சேலை கொடுக்க யாரும் இல்லை. மகள் திருநெல்வேலியில் விடுதியில் தங்கிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு வேலை கிடைக்காவிட்டால் அவள் படிப்பு நின்றுவிடும். கணக்கு அவ்வளவு எளியது. நான் தமிழில் முதுகலை படித்தவள். திருமணத்துக்கு முன் பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறேன். முதலில் அந்த வழியில்தான் முயன்றேன். ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் என்னை மரியாதையோடு உட்காரவைத்து, நான் படித்ததைப் பற்றியெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் தயங்கிச் சொன்னார்: "டீச்சர், தப்பா நெனைக்காதிய. எங்க பிள்ளைகளோட பெத்தவங்கள்ல நாலஞ்சு பேரு ஒங்க நோட்டீஸ் வாங்குனவிய. பெத்தவங்க கூட்டம் போட்டா அவிய மார்க்கப் பத்திக் கேப்பாவளா, ஒங்களுக்குக் குடுத்த முதலப் பத்திக் கேப்பாவளா?"

சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். வேலை இல்லை.

அடுத்தது கடைகள். எங்கள் ஊரில் கடை வேலைக்கு யாரும் விண்ணப்பம் எழுதுவதில்லை. ஊரில் தெரிந்த ஒருவர் முதலாளியிடம் "இவங்களுக்கு நான் பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பொறுப்புச் சொல்வது என்று பெயர். அந்த ஒரு வாக்கியம் போதும். பின்னால் ஏதாவது குறை நேர்ந்தால் கடைக்காரர் வேலைக்கு வந்தவரைத் தேட மாட்டார். பொறுப்புச் சொன்னவர் வீட்டுக்குப் போவார். அவரும் மறுபேச்சுப் பேசாமல் ஈடு செய்ய வேண்டும். படிப்பு, வயது, முன் அனுபவம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒரு ஜவுளிக்கடையில் மாடியில் சேலைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அதன் முதலாளி வயதானவர். என் வியாபாரத்தை அறிந்தவர்.

"சேலையப் பத்தி ஒங்களுக்கு நான் சொல்லித் தரணுமாக்கும்? பாடம் எடுத்த வாயி, பேச்சும் இருக்கும். சரி, யாரு சொல்லி வந்திய?" என்றார்.

"யாரும் சொல்லல அண்ணாச்சி. நானாத்தான் வந்தேன்."

"நானா வந்தேன்னா எப்படிம்மா? ஒண்ணுன்னா நான் யாரு வீட்டுக் கதவத் தட்ட? ஒங்க தம்பி இருக்காருல்லா. அவரு ஒரு வார்த்த சொல்லட்டும், போதும். நாளைக்கு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் தம்பியை அழைத்தேன். ஜவுளிக்கடையிலிருந்து கேட்பார்கள், ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றேன். "அதுக்கென்னக்கா, சொல்லிருதேன். இதெல்லாம் எங்கிட்டக் கேக்கணுமா?" என்றான். அன்று நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் முதலாளி என்னை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே அவனுடைய எண்ணை அழுத்தினார். காது மந்தமானதால் எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசுகிறவர் அவர். கைப்பேசி மேசையில் கிடந்தது. தம்பியின் குரலுக்கு முன்னால் ஒரு சத்தம் வந்தது. தறிகள் ஓடும் சத்தம். ஒன்றல்ல, பல தறிகள் ஒன்றாக ஓடினால் மட்டும் எழும் அந்தத் தடதடப்பு. மூடிக்கிடப்பதாக அவன் சொன்ன கூடத்தின் சத்தத்தை எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றான்.

"ஒங்க அக்கா மாடியில வேலைக்குக் கேக்காவ. நீரு பொறுப்புத்தான வே?"

சற்று நேரம் தறிகள் மட்டும் ஓடின. பிறகு அவன் அங்கிருந்து நகர்ந்திருக்க வேண்டும்; சத்தம் குறைந்தது, குரல் தெளிந்தது.

"அண்ணாச்சி, நீங்க பெரியவிய, ஒங்ககிட்ட மறைக்கக் கூடாது. அந்தம்மா கோர்ட்டுக்குப் போனவங்க. கல்லாப் பக்கம் விடாம வச்சுக்கிட்டா ஒங்களுக்கு நல்லது. பின்னால ஒண்ணுன்னா எம்மேல வந்துரக் கூடாது, பாத்துக்கிடுங்க. எனக்கும் அவங்களுக்கும் இப்பப் போக்குவரத்துக் கெடையாது."

முதலாளி அவசரமாகக் கைப்பேசியை எடுத்தார், எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் தடுமாறினார், கடைசியில் அதைக் கவிழ்த்து வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல், "ஏலே, அம்மாவுக்கு ஒரு டீ சொல்லு" என்று உள்ளே சத்தம் கொடுத்தார். தேநீர் வந்தது. வேண்டாம் என்று எழுந்தால் அந்த மனிதர் இன்னும் கூசிப் போவார் என்று தோன்றியதால் முழுவதையும் குடித்தேன். வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

தறிகள் அவன் மனைவி பெயரில் ஓடுகின்றன என்பதைப் பிறகு விசாரித்து அறிந்துகொண்டேன். நான் வக்கீலிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பெயர் மாறிவிட்டதாம். அது பணத்தில் செய்த துரோகம். அதைத் தாங்க எனக்கு வழி இருந்தது. புத்தகங்களில் இதைவிடப் பெரிய துரோகங்களை வாசித்து வளர்ந்தவள் நான். மனிதர் பயத்தில் எதையும் செய்வார்கள் என்று வாசித்துவிட்டு, அவர்களுக்காக இரங்கவும் கற்றிருந்தேன். ஆனால் "அந்தம்மா" என்றானே, அதற்கு ஈடான எதையும் நான் வாசித்திருக்கவில்லை. வாடிக்கையாளரைச் சொல்லும் சொல். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளைச் சொல்லும் சொல். அக்கா என்ற சொல்லை அவன் வாயில் முதன்முதலாகப் பழக்கியவள் நான். அதை எடுத்து அப்பால் வைக்க அவனுக்கு அரை மூச்சு போதுமானதாக இருந்தது.

அதன்பின் சில வாரங்கள் எங்கும் போகவில்லை. கிளை நூலகத்திலிருந்து புத்தகங்கள் எடுத்துவந்து பக்கம் புரட்டினேன். விடுதிக்குப் பணம் கட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் வாசலில் குரல் கேட்டது. "ஏட்டி மஞ்ச நோட்டீஸு! கதவத் தொற."

பூக்கார மைனி. எங்கள் பக்கம் அண்ணியை மைனி என்போம்; இவர் உறவல்ல, பழகிய பழக்கத்தில் மைனி. பூ மார்க்கெட்டில் மொத்தமாகப் பூ எடுத்து, கட்டிக் கொடுக்கும் பெண்களை வைத்து வியாபாரம் செய்பவர். பல வருடங்களாக என்னிடம் சேலை எடுத்தவர். எனக்குக் கைமாற்றுக் கொடுத்தவர். என் நோட்டீஸ் பெற்றவர்களில் நான் எதிர்ப்பட அஞ்சிய ஒருவர் உண்டென்றால் அவர்தான். மார்க்கெட் தெருவைத் தவிர்க்கச் சுற்றுவழியில் நடந்துகொண்டிருந்தேன்.

உள்ளே வந்து, நான் நீட்டிய நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"என்னட்டி மெலிஞ்சு போன? ஒன் தம்பி பொண்டாட்டி நேத்துப் பிச்சிப்பூவ மொழம் மொழமா வாங்கிட்டுப் போறா. நீ இங்கன ரசத்தக் குடிச்சிட்டுப் புஸ்தகத்தப் பாத்துக்கிட்டு இருக்க."

"மைனி, கோர்ட்டுல இருக்கும்போது யாருக்கும் தனியாக் குடுக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு" என்றேன். அவர் வந்த காரணம் அதுதான் என்று நினைத்துவிட்டேன்.

"இருந்தாத்தான குடுக்க! பேச்சப் பாரு பேச்ச. நான் அதுக்கா வந்தேன்? நான் பூ எடுக்குத கமிஷன் கடையில எடைச்சீட்டு எழுத ஆளு வேணுமாம். எழுதிட்டு இருந்தவரு கல்யாணமாகி சிவகிரிப் பக்கம் போயிட்டாரு. கடை அண்ணாச்சி ஆளு தேடுதாரு. நீ வாரியா?"

"யாரு பொறுப்புன்னு கேப்பாவ மைனி."

"நான் சொல்லுதேன்."

"நான் ஒங்களுக்கே..." என்று தொடங்கினேன்.

"தெரியும்ட்டி. எனக்குத் தர வேண்டியவதான? அதான் சொல்லுதேன். நீ வேலயில்லாம இருந்தா நஷ்டம் ஒன் தம்பிக்கா, எனக்கா? கெளம்பு. சேலய மாத்திட்டு வா. இந்தச் சேலையில போனா அண்ணாச்சி தருமம் போட்டுருவாரு."

பூ மார்க்கெட் காலையில் பேரிரைச்சலாக இருக்கும். சாக்குகளில் மல்லியும் பிச்சியும் கேந்தியும் வந்திறங்க, விலை கூவும் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். கமிஷன் கடைக்காரர் தராசுக்கு அருகில் நின்றபடியே எங்களைப் பார்த்தார். மைனி வந்த விஷயத்தைச் சொன்னதும் புருவத்தைச் சுருக்கினார்.

"இவிய ஒனக்கே நோட்டீஸ் குடுத்தவியல்லா?"

"ஆமா, எனக்கேதான் குடுத்தா" என்று மைனி அந்த இரைச்சலிலும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "நான் குடுத்ததுக்குச் சீட்டு கெடையாது, சாட்சி கெடையாது. முந்தியில முடிஞ்சு வச்சிருந்தத அவுத்துக் குடுத்தேன். மைனியா, யாரு மைனி, எப்பக் குடுத்தாவன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எங்கன போயி நிக்க? இவளாப் போயி கோர்ட்டுல எம் பேரச் சொல்லி, நான் தரணும்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கா. வேற எந்தக் கூமுட்ட இப்படிச் செய்யும், அண்ணாச்சி? இவ சீட்டுல ஒரு கிராம் கூடாது, ஒரு கிராம் கொறையாது. நான் பொறுப்பு."

வக்கீல் அன்று எழுத்து இல்லாத கைமாற்றுகளையும் சொல்லுங்கள் என்றபோது, தம்பி என் முழங்கையை இலேசாகத் தட்டியது நினைவுக்கு வந்தது. நான் அதைப் பொருட்படுத்தாமல் மைனியின் பெயரைச் சொன்னேன். அப்போது அது நேர்மை என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவர் கொடுத்தது நடந்த ஒன்று, அவ்வளவுதான். எந்தத் தாளால் நான் ஊரில் தலை குனிந்தேனோ, அந்தத் தாளையே எடுத்து எனக்குச் சாட்சியாக்கிவிட்டார் ஒரு பெண்.

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "சரி. ஆனா ரூவா கையில வாங்கக் கூடாது. சீட்டு எழுதணும், என் பையங்கிட்ட நீட்டணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். வருத்தம் இருந்தது. கேட்கும் நிலையில் நான் இல்லை. மகளுக்கு விடுதிப் பணம் கட்ட முடிந்தது. வேலை கிடைத்த செய்தியை அவளிடம் சொன்னபோது, "பூ வாசம் அடிக்குமாம்மா சேலையில?" என்று மட்டும் கேட்டாள்.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்த ஒரு மாலையில் தம்பி வீட்டுக்கு வந்தான். கையில் அல்வாப் பொட்டலம். மனு கொடுத்த பிறகு அவன் என் வீட்டுப் படி ஏறியது அன்றுதான். காதோரம் நரைத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் இளகியதை நான் இப்போதும் மறுக்க மாட்டேன்.

"வேல கெடச்சிருக்குன்னு கேள்விப்பட்டேன்க்கா. சந்தோசம்" என்றான். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தான். "ஆனா ஊர்ல என்ன பேசுதாவ தெரியுமா? கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன் இருக்கையில, கடன் குடுத்தவளக் கூட்டிட்டுப் போயி வேல வாங்கியிருக்கான்னு பேசுதாவ. எம் மவளுக்கு மாப்பிள்ள பாக்க நேரம். எனக்கு எவ்வளவு அசிங்கம்?"

"நான் என்ன செய்யணும்ங்கிற?"

"யாரும் கேட்டா, தம்பிதான் சொல்லிவிட்டான்னு சொல்லிரு. அவ்வளவுதான். ஒனக்கு இதுல என்ன கொறஞ்சிரப் போகுது?"

என்னால் அமைதியாகவே கேட்க முடிந்தது. "ஜவுளிக்கடை அண்ணாச்சிகிட்ட நீ போன்ல பேசும்போது நான் அங்கனதான்யா இருந்தேன். எல்லாம் கேட்டுது."

அவன் முகம் மாறியது. வெட்கம் என்று ஒரு கணம் நம்பினேன். அவன் கேட்டான்: "ஸ்பீக்கர்லயா போட்டிருந்தாரு மனுசன்?"

காபி கொடுத்தேன். குடித்தான். போகும்போது, "சொல்லிருவேல்லா?" என்று வாசலில் நின்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அவனுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். அந்தப் பழக்கத்தை வளர்த்துவிட்டதும் நான்தான் என்று நினைத்துக்கொண்டே கதவைச் சாத்தினேன்.

இரண்டொரு நாளில் கரிவலம்வந்தநல்லூர் விவசாயி ஒருவர் மல்லியை இறக்கிவிட்டு என் முன்னால் சீட்டுக்கு நின்றார். தம்பியைத் தெரிந்தவர். "ஒங்க தம்பியத் தபசுப் பந்தல்ல பாத்தேன். அக்காவ நான்தான் பூக்கடையில சேத்துவிட்டேன்னாரு. தம்பின்னா அப்படி இருக்கணும்" என்றார், மனதார.

தராசின் பக்கம் நின்ற அண்ணாச்சி திரும்பினார். "என்னம்மா இது? ஒங்க தம்பி பொறுப்பா, அந்த அம்மா பொறுப்பா? ஒரு பேரச் சொல்லுங்க. நாளைக்கு நான் ஒரு வீட்டுக்குத்தான் போவேன்."

பூ எடுக்க வந்திருந்த மைனி கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கிண்டல்கூடச் செய்யவில்லை. விவசாயி நல்ல வார்த்தை சொன்ன சிரிப்போடு இன்னும் நின்றார். ஒரு வார்த்தையில் தம்பியின் மானம் ஊரில் நிமிர்ந்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் வரை அது போய்ச் சேரும். அவன் பிறந்ததிலிருந்து நான் அவனுக்குச் செய்து வந்த காரியம் அதுதான். எனக்குக் கைவந்த காரியம்.

"என் தம்பி எனக்குப் பொறுப்புச் சொல்லல அண்ணாச்சி" என்றேன். "கேட்டேன், மாட்டேன்னுட்டான். நான் பணம் குடுக்க வேண்டிய இந்த மைனிதான் சொன்னாவ. ஒண்ணுன்னா அவிய வீட்டுக்குத்தான் நீங்க போகணும்."

விவசாயியின் சிரிப்பு எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. மைனி கூடையை இடுப்பில் ஏற்றினார். "ஏட்டி, என் வீட்டுக்கு ஆள் வர வச்சேன்னா தோல உரிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டு அடுத்த சாக்கைத் தராசில் ஏற்றினார். எடையைக் கூவினார். நான் எழுதினேன். நெஞ்சு மட்டும், யாரையோ தெருவில் விட்டுவிட்டு வந்தவள்போல, வெகுநேரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.